கிராமத்து இருமலும் ஜெனீவா நாற்காலியும்

சர்வதேச சுகாதாரத் துறையில் தலைமைப் பதவியை அடைய வேண்டுமானால் என்ன படிக்க வேண்டும், எந்தச் சர்வகலாசாலையில் சேர வேண்டும் என்று கேட்டு, இத்தொடர் ஆரம்பித்த நாள் முதலாக இளம் வாசகர்கள் சிலர் எழுதிவருகிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் விடையைப் பாடத்திட்டங்களில் தேடுவதைக் காட்டிலும், அத்துறையின் உச்சப் பதவியில் பதினைந்து ஆண்டுகள் வீற்றிருந்த ஒருவர் அதற்கு முன்பு எங்கெங்கே அலைந்தார் என்று பார்ப்பதே அதிகப் பிரயோஜனமுள்ளது என்பது என் அபிப்பிராயம்.

ஹால்ஃப்டான் மாலர் 1923-இல் டென்மார்க்கின் விவில்ட் என்னும் சிற்றூரில், ஒரு பாப்டிஸ்ட் போதகரின் புதல்வராகப் பிறந்தார். 1948-இல் கோபன்ஹேகனில் வைத்தியப் பட்டம் பெற்று, ஈக்வடாரில் சொற்ப காலம் க்ஷயரோக ஒழிப்பு வேலையை நடத்திவிட்டு, 1951-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் உத்தியோகஸ்தராக இந்தியா வந்து சேர்ந்தார். வந்தவர் பத்து ஆண்டுகள் இங்கேயே தங்கிவிட்டார்.

அக்காலத்தில் க்ஷயரோகி என்றால், வசதியுள்ளவனாயின் தாம்பரத்துக்கோ மதனப்பள்ளிக்கோ போய், அங்கிருந்த சானடோரியத்தில் நல்ல காற்றும் பாலும் முட்டையும் பூரண ஓய்வுமாக மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். வசதியற்றவனாயின் வீட்டிலேயே கிடந்து சாக வேண்டும். (தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அந்த சானடோரியம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) இந்நிலையில், 1956-இல் சென்னை சேத்துப்பட்டில், உலக சுகாதார ஸ்தாபனமும் பங்குகொள்ள, டாக்டர் வாலஸ் ஃபாக்ஸின் தலைமையில் ஒரு பரீட்சை துவங்கியது: ஏழை நோயாளிகளில் ஒரு சாராரை சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு சாராரை நெருக்கடி மிகுந்த அவர்களுடைய வீடுகளிலேயே விட்டும், இரு சாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்திருந்தார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை. 1959-இல் இம்முடிவு பிரசுரமானதும், சானடோரியக் கட்டில்களின் மகிமை உலகெங்கும் குன்றத் தொடங்கியது.

ஆனால் வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்றால், எந்த வீட்டில் நோயாளி இருக்கிறான் என்று கண்டுபிடிப்பது எப்படி? பாமர ஜனங்கள் அறியாமையினால் தாமாக வரமாட்டார்கள், எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராக அனுப்பித்தான் பிடிக்க வேண்டும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை. மாலரும் சேர்ந்து உருவாக்கிய பெங்களூர் தேசியக் க்ஷயரோக நிலையத்திலிருந்து தேபபர் பானர்ஜி, ஆண்டர்சன் என்னும் இருவர் தும்கூர் ஜில்லாக் கிராமங்களுக்குச் சென்று விசாரித்தபோது அந்த நம்பிக்கை தலைகீழாயிற்று. இருமல் கண்ட நோயாளிகளில் பாதிப் பேர் ஏற்கெனவே தாமாகவே வைத்தியசாலையின் படியேறியிருந்தார்கள்! அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. அறியாமை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை இதைவிடப் பச்சையாக எவரும் எடுத்துக் காட்டியதில்லை. தனி வண்டியும் தனிப் படையும் வேண்டியதில்லை, சாதாரண வைத்தியசாலையிலேயே சளியைப் பரிசோதிக்க ஒரு மைக்ராஸ்கோப்பும் தவறாது மருந்தும் இருந்தால் போதும் என்ற கொள்கையின் மீதுதான் 1962-இல் தேசியக் க்ஷயரோகத் திட்டம் எழுந்தது.

1973-இல் ஸ்தாபனத்தின் டைரக்டர் ஜெனரலாக மாலர் அமர்ந்தபோது, அந்த இருமல் புட்டியும் அவருடன் ஜெனீவாவுக்குப் போயிற்று என்றே நான் நினைக்கிறேன். 1977-இல், எந்தத் தேசத்துக்கும் இன்றியமையாதவை என்று சுமார் இருநூறு மருந்துகளுக்கு ஒரு ஜாபிதா வெளிவந்தது. 1978 செப்டம்பரில் சோவியத் கஸகஸ்தானின் அல்மா ஆட்டா நகரில் 134 தேசத்து அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, ஆரம்ப சுகாதாரமே அஸ்திவாரம் என்று பிரகடனம் செய்தார்கள். 1981-இல், தாய்ப்பாலுக்கு மாற்றாக மாவுப்பால் விற்போரின் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு 118 தேசங்கள் ஆதரவளித்தன; எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே.

2000-ஆம் ஆண்டுக்குள் யாவர்க்கும் ஆரோக்கியம் என்று அவர் பூண்ட சங்கல்பம் நிறைவேறவில்லை. அல்மா ஆட்டா முடிந்து ஓராண்டு ஆகுமுன்பே, அவ்வளவும் ஆகாது, சில நோய்களை மட்டும் தேர்ந்து கவனிப்போம் என்று கெட்டிக்காரர்கள் வாதிடத் தொடங்கிவிட்டார்கள். பணம் கொடுப்போரும் அவர்கள் பக்கமே சாய்ந்தார்கள். போதகரின் புதல்வருக்குப் பெரிய சொற்களின் மீது சற்று அதிகப் பிரியம் இருந்ததென்பதையும் மறைப்பதற்கில்லை.

எனினும் 1986-இல், எய்ட்ஸ் நோயின் விபரீதத்தைத் தாம் குறைவாகவே மதிப்பிட்டுவிட்டதாகப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அவரே ஒப்புக்கொண்டார்; அடுத்த ஆண்டே ஜோனதன் மானின் பொறுப்பில் அந்நோய்க்கெனத் தனித் திட்டம் எழுந்தது. பதவியிலிருக்கும்போதே பிழையை ஒப்புக்கொண்ட உயர் உத்தியோகஸ்தர்களை நான் விரல்விட்டு எண்ணப் பார்த்தேன். ஒரு கை அதிகமாகவே இருந்தது.

அன்று அந்தப் பரீட்சையை நடத்திய சேத்துப்பட்டு நிலையமோ இன்றும் இயங்குகிறது. 1992-இல் அங்கே ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த ஒரு குழந்தை வைத்தியர், 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியாக ஜெனீவாவில் அமர்ந்தார். டாக்டர் சௌம்யா சுவாமிநாதனைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.