உள்ளே வந்த மருந்தை இறைத்துத் தள்ளும் கிருமி

கிருமி மருந்துக்கு அடங்கவில்லை என்றால், மருந்தை அது சிதைக்கப் பழகிவிட்டது என்று நினைக்கிறோம். வேறொரு வழியும் உண்டு. 1980இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவியின் ஆய்வுக்குழு, டெட்ராசைக்ளினை எதிர்க்கும் ஈ.கோலைக் கிருமிகள் மருந்தை முழுசாகவே வெளியே தள்ளுவதைக் காட்டியது. ஒழுகும் தகரத்தின் கீழ் லயத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த உத்தி புரியும்: மழை பெய்யும்போதே இறைத்தால்தான் தரை தப்பும்.

இப்படி மருந்தை வெளியே தள்ளும் பம்புகளில் விந்தையானது ஈ.கோலையின் ஏசிஆர்பி புரதம். ஒரே அச்சான மூன்று துண்டுகள் சேர்ந்தது அது. 2006இல் வெளியான கட்டமைப்புப் படங்களில் மூன்றும் மூன்று நிலையில் இருந்தன: ஒன்று மருந்தை உள்வாங்க, ஒன்று இறுகப் பிடிக்க, ஒன்று வெளியே பிதுக்க, பிறகு முறை மாறும். தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களின் மடுவத்தில் ஒருவர் கூடையைக் கொட்டும்போது அடுத்தவர் கொழுந்து நிறுக்க, மூன்றாமவர் வந்து நிற்பதைப் போல. உள்ளே பாயும் புரோட்டான்கள்தான் இதை இயக்குகின்றன, சரிவில் இறங்கும் ஓடைநீர் சக்கரத்தைச் சுற்றுவதைப் போல. இந்தப் பம்பு ஆள் பார்ப்பதில்லை. டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால், சாயம், சவர்க்காரப் பொருள் எல்லாவற்றையும் தள்ளும். நம் குடலிலுள்ள பித்த உப்பையும் தள்ளும். அங்கே பிழைக்க ஈ.கோலைக்கு இந்தப் பம்பு தேவை.

அப்படியானால் மருந்துக்கு முன்பே பம்பு இருந்ததே, நம் தவறு என்ன என்று கேட்கலாம். பம்பு பழையதுதான். ஆனால் அதைக் கூடுதலாகச் செய்யும் கிருமிகளைப் பிழைக்கவிட்டு, மற்றவற்றைக் கொல்வது நம் மருந்து. பம்பு தரும் எதிர்ப்பு சிறிதுதானே, மருந்தைக் கூட்டினால் போதாதா என்றால், கூட்டுவதற்கு நோயாளியின் உடலும் இடம் தரவேண்டும். அந்தச் சிறிய எதிர்ப்பே, அடுத்த மாற்றம் வரும்வரை கிருமி பிழைத்திருக்கப் போதும். பம்பிலேயே மாற்றம் நேரலாம்: தன்னிடமுள்ள ஏசிஆர்பியின் 717ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் டைபாய்டு கிருமி அசித்ரோமைசினுக்கு அடங்காமல் போனதை 2019இல் வங்கதேசத்தில் கண்டார்கள்.

ஆகவே தடிமனுக்கு விழுங்கும் ஆன்டிபயாட்டிக் கேப்சூல் வீண் மட்டுமல்ல. தடிமன் வைரஸை அது தொடாது. குடலில் பம்போடு காத்திருக்கும் கிருமிகளைத் தொடும். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் கூலி, போய்விடும் என்று மிச்ச மருந்தை விழுங்கும் தொழிலாளியை மட்டும் கண்டிப்பது நியாயமில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் நேரத்துக்கு நல்ல மருத்துவர் இருந்தால் அந்தக் கேப்சூல் பெட்டியிலேயே கிடக்கும்.