உஷார்! உங்கள் நாவலை எக்ஸெல் தாள் எழுதிக்கொண்டிருக்கிறது

நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? வாராவாரம் எத்தனை வார்த்தை ஆயிற்று என்று குறித்தும் வைக்கிறீர்களா? அப்படியென்றால் இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்துவிடுங்கள். அந்தக் கணக்குத் தாளில் எந்த வாரம் அதிகமாக எழுதியிருக்கிறீர்களோ, அந்த வாரத்து அத்தியாயத்தை எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். நாயகன் எழுந்தான், பல் துலக்கினான், காபி குடித்தான், ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தான், பழைய காதலியை நினைத்தான், மறுபடியும் காபி குடித்தான். அந்த இரண்டாவது காபி யாருக்கு? கதைக்கு அது தேவைப்படவில்லை. தாளில் கட்டம் காலியாக இருந்தது, அதனால் குடித்தான்.

இப்போது எச்சரிக்கக் காரணம், இது சீசன். ஜனவரியில் சென்னை புத்தகக் கண்காட்சி. அதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும், டிசம்பர் தொடக்கத்துக்குள் பதிப்பகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும் என்று ஐப்பசி மழையோடு சேர்ந்து ஒரு பதற்றமும் பிடித்துக்கொள்கிறது. உடனே கால்குலேட்டரை எடுக்கிறோம். மொத்த வார்த்தை இவ்வளவு, மீதி வாரம் இவ்வளவு, வகுத்தால் வாரத்துக்கு இவ்வளவு. வகுப்பதில் பாவமில்லை. வகுத்து வந்த எண் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் காட்சி நீளவேண்டும், எது வெட்டுப்படக் கூடாது என்று தீர்மானிக்க ஆரம்பிக்கிறதே, அங்கேதான் ஆபத்து. அது நடப்பது எழுதுகிறவருக்குத் தெரிவதே இல்லை. வாரம் நன்றாகப் போகிறது என்ற திருப்திதான் தெரியும்.

முதலில் அந்த எண்ணே தமிழில் எவ்வளவு பொய் சொல்லும் என்று பாருங்கள். ‘அவன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான்.’ கணினிக்கு இது நான்கு வார்த்தை. இதையே ‘அவன் வீட்டுக்குள் இருந்து வெளியே வந்து கொண்டு இருந்தான்’ என்று தட்டுங்கள். ஏழு! கதை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இடைவெளிப் பட்டையை மூன்று முறை கூடுதலாகத் தட்டினீர்கள், அவ்வளவுதான். வார இலக்கு துரத்தும்போது விரல் தானாகவே அந்தப் பட்டையை நாடும். வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. ஆனால் மெய்ப்பு பார்க்கிறவர் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதும்போது, நாவல் திடீரென்று இளைத்துப்போய் நிற்கும்.

ஐம்பதாயிரம் என்ற மந்திர எண்ணும் அப்படித்தான். அது எங்கிருந்து வந்தது? 1999-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிரிஸ் பேட்டி என்பவர் 21 பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே மாதத்தில் ஒரு நாவல் என்று விளையாட்டாக ஆரம்பித்தார். நானோரைமோ என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. 30 நாளில் 50,000 வார்த்தை, நாளுக்கு 1,667, வாரத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். முழுக்க முழுக்க ஆங்கிலக் கணக்கு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகச் சிதறுவது நம் மொழியில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒரே சொல்லாக நிற்கும். அந்தக் கணக்கைத் தமிழ் நாவலுக்கு அப்படியே மாட்டினால், கேட்பது ஏறக்குறைய வேறொரு அளவு நாவல். உங்களுக்கு மூச்சு வாங்குவது சோம்பலால் இல்லை.

இந்த இடத்தில் நண்பர்கள் ஒரு பெயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆண்டனி ட்ரோலப். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், தபால் இலாகா அதிகாரி, 47 நாவல் எழுதியவர். வாரக் கணக்கு விஷயத்தில் இவரை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு நாவலுக்கும் வாரம் வாரமாகப் பிரித்த ஒரு நாட்குறிப்பு போடுவார். எத்தனை பக்கம் என்று தினமும் பதிவார். பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று பின்னால் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, ஒரு பக்கத்துக்கு 250 வார்த்தை என்று எண்ணியே வைத்திருந்தார். சராசரி வாரத்துக்கு 40 பக்கம். குறைந்தால் 20, ஒரு வாரம் 112 வரை போயிருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு மேசையில் இருப்பார். எதிரே கடிகாரம். கால் மணிக்கு 250 வார்த்தை. எழுப்பிவிடுகிற கிழ வேலைக்காரருக்கு அதற்கென்றே வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம்.

“பார்த்தீர்களா, அவர் சாதிக்கவில்லையா?” என்பார்கள். சாதித்தார். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக விட்டுவிடுகிற ஒரு பகுதி இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணியை, முந்தின நாள் எழுதியதைத் திரும்பப் படிப்பதற்கே கொடுத்தார். கடிகாரம் அதற்குப் பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். பேனா எடுக்காத நேரத்திலும் பாத்திரங்களோடேயே குடித்தனம் நடத்திய மனிதர் அவர். அதோடு, தொடராக வெளிவரும் நாவலைக்கூடப் பெரும்பாலும் முழுதாக எழுதி முடித்த பிறகே அச்சுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். ஆக, அவருடைய கணக்குக்குப் பின்னால் படிப்பும் யோசனையும் அவகாசமும் இருந்தன. நாம் அந்த மூன்றையும் விட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் வாங்கி வந்திருக்கிறோம். இத்தனைக்கும், அவர் இறந்த பிறகு 1883-ல் வெளிவந்த தன்வரலாற்றில் இந்த ரகசியத்தை வெள்ளந்தியாகச் சொன்னதுதான் விமர்சகர்களிடம் அவர் பெயரைக் கெடுத்தது என்று சொல்வதுண்டு. பாவம், நல்ல நாவலாசிரியர். பார்செஸ்டர் நாவல்களைப் படித்தால் தெரியும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஜான் ஸ்டைன்பெக்கின் 1938-ஆம் வருஷம். கலிபோர்னியாவில் விவசாயக் கூலிகள் படும் பாட்டை வைத்து ஓர் அங்கத நாவலை எழுதி முடித்தார். பதிப்பாளர் காத்துக்கொண்டிருக்கிறார். படித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை, கைப்பிரதியை அழித்துவிட்டார். மே மாதக் கடைசியில் அதே மக்களைப் பற்றி முதல் வரியிலிருந்து வேறொன்றை ஆரம்பித்தார். அக்டோபரில் முடிந்தது. அதுதான் 1939-ல் வந்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு. இப்போது நம் வாரத் தாளை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அழித்த வாரத்துக்கு என்ன பதிவார்? பூஜ்யம்கூடக் கிடையாது, மைனஸ் கணக்கு. கட்டம் ரத்தச் சிவப்பாகியிருக்கும். கைப்பேசிச் செயலி ‘உங்கள் தொடர்ச்சி அறுந்துவிட்டது’ என்று அழுதிருக்கும். அவருடைய எழுத்து வாழ்க்கையிலேயே முக்கியமான வாரங்களில் ஒன்று அது.

அவரும் கணக்கு வைத்தவர்தான், சந்தேகமே வேண்டாம். அந்த நாவலை எழுதிய மாதங்களில் ஒரு நாட்குறிப்பு எழுதினார். பின்னால் 1989-ல் அது புத்தகமாகவும் வந்தது. அதில் பக்கக் கணக்கு உண்டு. கூடவே பக்கத்து இடத்தில் வீடு கட்டுகிற சுத்தியல் சத்தம், வந்து உட்கார்ந்து நேரத்தைத் தின்ற விருந்தாளிகள், தன்னால் இதை எழுத முடியுமா என்ற பயம், எல்லாம் உண்டு. வெறும் எண்ணை மட்டும் எழுதியிருந்தால் ஒரு வாரம் ஏன் இளைத்தது என்று அவருக்கே பின்னால் விளங்கியிருக்காது.

ஹெமிங்வேயும் க்யூபா வீட்டில் ஓர் அட்டையில் தினசரி வார்த்தைக் கணக்கைக் குறித்து வைத்தவர். ஒரு நாள் 450, ஒரு நாள் 575 என்று சாதாரணமாகப் போகும். திடீரென்று 1,250 இருக்கும். காரணம், மறுநாள் மீன் பிடிக்கப் போகவேண்டும், மனசு உறுத்தக் கூடாது. கணக்கு என்றால் இப்படி ஒரு நாளாவது மனிதனை வெளியே விடவேண்டும்.

நம்மூரில் வார்த்தை எண்ணும் இந்த நோய் பழையது இல்லை. வார இதழ்த் தொடர் எழுதியவர்களுக்கு வாரம்தான் வாழ்க்கை. கல்கி 1950-ல் ‘பொன்னியின் செல்வ’னை ஆரம்பித்து வாராவாரம் வருஷக்கணக்காக எழுதினார். நம் காலத்தில் ஜெயமோகன் ‘வெண்முரசு’க்கு 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாளொரு அத்தியாயம் என்று ஓடினார். 26 நாவல்கள். இரண்டு பேருக்குமே வெளியே தெரிந்த அளவு அத்தியாயம். ஒரு அத்தியாயம் முடிந்தது என்றால் அதற்குள் ஏதோ ஒன்று நடந்து, அடுத்து என்ன என்று வாசகர் காத்திருக்கவேண்டும். வெறும் காபி குடித்துவிட்டு ‘தொடரும்’ போட முடியாது, மறுநாளே கடிதம் வந்துவிடும். எக்ஸெல் தாள் கடிதம் போடாது. எதைக் கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு பக்கமும் தீப்பிடிக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை இரவு ‘இந்த வாரம் 8,000!’ என்று போடுகிறோம். நெருப்புப் படங்கள், கைதட்டல்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இன்னாராக ஆகப்போகிறேன் என்ற எண்ணத்தைப் பிறர் கவனித்துவிட்டாலே, அதற்கான வேலையில் ஆட்கள் சற்று மெத்தனமாகிறார்கள் என்கிறது. எழுத்தாளர் என்ற பட்டம் ஞாயிற்றுக்கிழமையே கிடைத்துவிட்டால் திங்கட்கிழமை எதற்கு எழுதவேண்டும்? கைதட்டல் வேண்டுமென்றால் அத்தியாயத்தைக் கொடுத்து வாங்குங்கள். எண்ணைக் கொடுத்து வேண்டாம்.

எல்லாவற்றிலும் கொடூரமானது, பாக்கி. 60,000 வார்த்தை, 20 வாரம், வாரத்துக்கு 3,000 என்று ஆரம்பித்தீர்கள். அலுவலகம், பிள்ளைகளின் பரீட்சை, ஊரில் ஒரு சாவு. வாரத்துக்கு 2,000தான் வருகிறது. பத்து வாரம் ஆயிற்று, கையில் 20,000. தாள் என்ன செய்கிறது? மீதி 40,000-ஐ மீதி பத்து வாரத்தால் வகுத்து, இனி வாரத்துக்கு 4,000 கேட்கிறது. உங்களால் 2,000தான் முடியும் என்று பத்து வாரம் தொடர்ந்து நிரூபித்திருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக அது இரண்டு மடங்கு கேட்கிறது! கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு வேகமாக ஏற்றமாட்டார். பல நாவல்கள் செத்துப்போவது இந்தப் பத்தாவது, பதினோராவது வாரத்தில்தான் என்பது என் எண்ணம். கதை தீர்ந்துபோய் இல்லை, பாக்கியைப் பார்க்கப் பயந்து கோப்பையே திறக்காமல் போகிறோம். செய்யவேண்டியது வேறு: 2,000 என்ற வேகத்தை உண்மை என்று ஒப்புக்கொண்டு தேதியைத் தள்ளுங்கள். இன்னும் 20 வாரம் ஆகும். ஜனவரி தவறும். பதிப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அட்டைப்படம் போட்டு, விளம்பரமும் வந்த பிறகு சொன்னால்தான் அவருக்கு நெஞ்சுவலி வரும்.

அப்படியானால் வாராவாரம் என்னதான் குறிப்பது? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வார்த்தையை எழுதவேண்டும் என்றால் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் இப்படி இருக்கட்டும்: ‘செல்லம்மாள் வீட்டை விற்க ஒப்புக்கொண்டுவிட்டாள். ஏன் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. அண்ணன் பாத்திரம் தேவையா? கல்யாண மண்டபக் காட்சியில் மூன்று பக்கம் வெட்டியாயிற்று. புதன், வியாழன் உட்காரவில்லை, மாமனாருக்கு ஆஸ்பத்திரி.’ நான்கு வாரக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் நாவல் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். ‘ஏன் என்று பிடிபடவில்லை’ என்ற வரி மூன்று வாரம் தொடர்ந்து வருகிறதா? எழுதுவதை நிறுத்திவிட்டுச் செல்லம்மாளைப் பற்றி யோசிக்கவேண்டிய நேரம் அது. 8,000 என்ற எண் இதைச் சொல்லவே சொல்லாது. வெட்டியவற்றை அழித்துவிடாமல் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். அந்தக் கோப்பு வளர்வதும் வேலை நடப்பதற்கு அடையாளம்தான். முதல் வரைவில் எதையும் வெட்டவே கூடாது என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வார்கள். திருத்திக்கொண்டே இருந்து முதல் அத்தியாயத்தைத் தாண்டாதவர்களுக்கு அது நல்ல மருந்து. மற்றவர்களுக்கு அதைக் கட்டளையாக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, இது எழுத்து சம்பந்தப்பட்டதில்லை, பத்திரம் சம்பந்தப்பட்டது. மேலே சொன்ன நானோரைமோ அமைப்பு 2025 மார்ச் மாதக் கடைசியில் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் தங்கள் கணக்கை அதன் தளத்தில்தான் பதிந்து வந்தார்கள். இன்று நீங்கள் நம்பிப் பதிகிற செயலியும் நாளைக்கு மூடப்படலாம், கட்டணம் கேட்கலாம், புதுக் கைப்பேசியில் திறக்காமலே போகலாம். கணக்கு போனால் போகட்டும். சிலர் நாவலையே அந்தச் செயலிக்குள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. வாரக் குறிப்பு எழுதுகிற அன்றே அதுவரை எழுதியதை யூனிகோடில் ஒரு சாதாரணக் கோப்பாக இறக்கி, தேதியைப் பெயராக வைத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்புங்கள், பென்டிரைவில் ஒன்று போடுங்கள். பழைய பிரதியின் மேல் புதியதை எழுதிவிடாதீர்கள். போன வாரம் வெட்டிய அந்தக் கல்யாண மண்டபம் பதினெட்டாவது அத்தியாயத்துக்குத் தேவைப்படலாம்.