பின்னச்சின் முனகல்

கிளைக் கிராமமொன்றில் நோயுற்றிருந்த முதியவருக்கு நோயிற்பூசுதல் அளிக்கச் சென்ற ஓர் இரவு, பங்கின் பழைய ஜீப்பினுடைய பின்புறத்திலிருந்து நீண்ட முனகல் ஒன்று எழுந்தது. மறுநாள் பட்டறையில், டிஃபரன்ஷியல் பழுதென்றும், கிரவுன், பினியன் இரண்டையும் மாற்றவேண்டுமென்றும் கூறினர். பங்குக்கு அது பெருஞ்செலவு. அனுபவம் முதிர்ந்த மெக்கானிக் ஒருவரோ, "கழற்றுமுன் ஓட்டிப் பார்ப்போம், சாமி" என்றார். அன்று அவர் கற்பித்தது, வண்டியோட்டிப் பிழைக்கும் நம் குடும்பங்களுக்கும் பயன்படும்.

வளைவில் திரும்புகையில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். எஞ்சினின் விசையை இரண்டுக்கும் அளித்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தருவதே டிஃபரன்ஷியல். முன்சக்கரங்களால் மட்டும் இயங்கும் சிறு கார்களில் இது பின்னச்சில் இராது. ஜீப், பொலேரோ, பழைய அம்பாசடர் ஆகியவற்றில் உண்டு.

ஆளரவமற்ற சமதளச் சாலையில் சோதிக்கவேண்டும். சாலையின் தரை மாறும்போது ஓசையும் மாறினால் குற்றம் டயருடையது. வண்டியை மெல்ல இடமும் வலமும் ஒடிக்கையில் ஓசை ஏறி இறங்கினால் சக்கர பேரிங்கை ஐயுறலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கையில் ஊளையிட்டு, விட்டதும் ஓசை அடங்கினாலோ மாறினாலோ, கிரவுன், பினியன் பற்களையும் அவற்றின் பேரிங்குகளையும் பார்க்கவேண்டும். திரும்பும்போது மட்டும் எழும் ஓசை உள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்களைச் சுட்டும். நேர்ச்சாலையில் அவை தம்முள் உருளுவதில்லை. புறப்படுகையில் 'டக்'கென்ற இடியும் நடுக்கமும் தோன்றினால், முதலில் நீள் தண்டின் கிராஸ் ஜாயிண்டை அசைத்துப் பாருங்கள்.

அடுத்து எண்ணெய். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றினால், பெரும்பாலான வண்டிகளில் துளையின் விளிம்புவரை கியர் ஆயில் நிற்கவேண்டும். குறைந்திருந்தால் சீல் கசிகிறதா எனக் காண்க. எண்ணெயில் உலோகச் சில்லுகள் கிடந்தால் தாமதியாது பிரித்துப் பார்க்கவேண்டும். ஓட்டத்திலேயே பற்கள் இறுகிச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் ஜீப்பில் இடப்புறம் ஒடித்தபோது முனகல் மிகுந்தது. பாரம் வலப்புறம் சாய்ந்ததே காரணம். வலப் பின்சக்கர பேரிங் தேய்ந்திருந்தது. அதை மாற்றியதும் ஓசை நின்றது. கிரவுனும் பினியனும் பழுதின்றியே இருந்தன.

இல்லத்தில் முனகல் எழும்போதும், முதலில் கண்ணிற்பட்டவர்மீது பழிசுமத்தாது, அது எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது எனப் பொறுமையோடு கேட்போமாக. ஆன்ம சோதனையும் அவ்வாறு உற்றுக்கேட்பதே.