சிங்கப்பூர் சொல்லிக் கொடுத்த பாடம்!

போன கோடை விடுமுறையில் கணவர், மகனோடு சிங்கப்பூருக்குச் சுற்றுலா போயிருந்தேன். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டரின் கீழ்த்தளத்தில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். தோசை, பிரியாணி, சீன நூடுல்ஸ் எல்லாம் ஒரே இடத்தில்! சாப்பிட்டு முடித்ததும் பெரியவர், சிறியவர் என்றில்லாமல் அவரவர் தட்டை அவரவரே எடுத்துப் போய், அதற்கென்று உள்ள அலமாரியில் வைக்கிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து இதைக் கட்டாயமாக்கி விட்டார்களாம். மேஜையிலேயே விட்டுப் போனால் முதல் தடவை எச்சரிக்கை, மறு தடவை 300 வெள்ளி அபராதம். நம்ம பணத்துக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய்!

கல்யாணமாகி 14 வருஷத்தில் சாப்பிட்ட தட்டைத் தொட்டறியாத என்னவர், அதைக் கேட்டதும் பவ்யமாகத் தட்டோடு நடந்தாரே, பார்க்கணும்! பின்னாலேயே என் மகனும். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம். மனசுக்குள் சுருக்கென்றது ஒரு பக்கம். அபராதத்துக்குப் பயந்து எழுகிற கை, நம் இடுப்பு வலிக்கு இரங்கி எழாதா?

ஊர் திரும்பியதும், "இனி அவரவர் தட்டை அவரவர்தான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன். மகன் மறுநாளே பழகிவிட்டான். அவன் அப்பா இரண்டு நாள் முணுமுணுத்தார். இப்போது தானாகவே எடுக்கிறார்.

தோழிகளே, ஆண் பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே இதைப் பழக்குங்கள். நாளைக்கு வரப்போகும் மருமகள் உங்களை வாழ்த்துவாள்!