களிமண்ணையும் படிக்கலாம்: பீங்கான் பொறியியலும் கலையும் கற்க விரும்புவோருக்கு

மீள்குடியேறிய கிராமங்களில் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் கணினி, தாதியர் பயிற்சி, மின்னிணைப்பு, வாகனத் திருத்தம் என்பவை உடனே வரும். களிமண் வேலை வராது. சட்டி பானை வனைந்த குடும்பங்களும், செங்கல் சூளை வைத்திருந்தவர்களும், யுத்தத்தால் இயக்கம் நின்றுபோன ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களும்கூட, இந்த வேலை தங்களோடு முடியட்டும் என்றே நினைக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. வருமானம் குறைவு. மாரி காலத்தில் வேலை நடக்காது. இது இன்னாருடைய தொழில் என்று ஒதுக்கிப் பேசும் வழக்கமும் இன்னும் முற்றாகப் போகவில்லை.

ஆனால் மண்ணைச் சுட்டுப் பொருளாக்கும் இதே வேலை, உலகின் பல நாடுகளில் கல்லூரி அமைத்துக் கற்பிக்கப்படும் பொறியியல். அதே கல்லூரிகளில் அது கலையாகவும் கற்பிக்கப்படுகிறது. அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, எங்கள் நாட்டில் அதற்குப் போகும் வழி எது, இடப்பெயர்வினால் பாடசாலையை இடையில் விட்டவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பீங்கான் என்பது கோப்பை மட்டுமல்ல

பீங்கான் என்றதும் தேநீர்க் கோப்பையும் சோற்றுத் தட்டும்தான் நினைவுக்கு வரும். பொறியியலில் இச்சொல்லின் பரப்புப் பெரிது. மண்ணிலிருந்தும் கனிமங்களிலிருந்தும் எடுத்து, உயர்ந்த வெப்பத்தில் சுட்டு இறுக்கப்படும் பொருட்கள் எல்லாம் இதில் அடங்கும். கூரை ஓடு, செங்கல், தரையோடு, மலசலகூடக் கோப்பை, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் காவலி, மோட்டார் சைக்கிள் பிளக்கின் வெள்ளைப் பகுதி, பல் வைத்தியர் பொருத்தும் செயற்கைப் பல் ஆகியவை சில உதாரணங்கள்.

மெல்லிய வெள்ளைப் பீங்கானுக்கு அடிப்படை மூன்று பொருட்கள்: வெண்களி, பெல்ட்ஸ்பார் கனிமம், படிகக்கல் தூள். வெண்களி பாதியளவும் மற்ற இரண்டும் ஏறக்குறையக் காற்பங்கு வீதமும் சேர்வது பழைய, பொதுவான கலவை. இம்மூன்றும் இலங்கையில் கிடைக்கின்றன. வெண்களிப் படிவுகள் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் உண்டு. பெல்ட்ஸ்பார் மாத்தளைப் பகுதியில் உண்டு. நாத்தாண்டியாப் பக்கம் சிலிக்கா மணல் இருக்கிறது. வடமராட்சியின் வல்லிபுரம் மணலும் சிலிக்கா மணலே. எங்கள் நாட்டில் பீங்கான் ஏற்றுமதித் தொழில் வளர்ந்ததற்கு இந்த மண்வளமும் ஒரு காரணம்.

சூளைக்குள் நடப்பது என்ன?

அனுபவமுள்ள ஒருவர் சூளையின் நெருப்பு நிறத்தைப் பார்த்தே பானை வெந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். அது சாதாரண அறிவல்ல. கல்லூரி அதற்குக் காரணத்தையும் அளவையும் சேர்க்கிறது.

காயவைத்த பானையிலும் நீர் இருக்கிறது. களிமண்ணின் துணிக்கைகளோடு இரசாயன முறையில் கட்டுண்ட அந்த நீர் ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசில்தான் வெளியேறும். அதன்பின் பானையை நீரில் போட்டாலும் அது மீண்டும் களிமண்ணாகக் கரையாது. 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் திடீரென விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் பானை வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரண மட்பாண்டம் 900 முதல் 1100 பாகைக்குள் வேகும். கல்போல் இறுகும் பாண்டத்திற்கு 1200 முதல் 1300 பாகை வரை தேவை. வெள்ளைப் பீங்கானுக்கு அதற்கும் மேல் வேண்டும்.

இவ்வளவு வெப்பத்தை அளக்க 1886ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான ஹேர்மன் சேகர் ஒரு வழி கண்டார். குறித்த வெப்பத்தில் உருகி வளையும் சிறு கூம்புகளைச் சூளைக்குள் வைத்துப் பார்ப்பதே அது. இத்தகைய கூம்புகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைப் பாருங்கள். ஈரக் களிமண்ணை நீளமான கட்டையாக உருட்டி, அதில் 10 சென்ரிமீற்றருக்குக் கோடிட்டுக் காயவிடுங்கள். காய்ந்தபின் அந்தக் கோடு 9 சென்ரிமீற்றராக இருந்தால் அந்த மண் பத்து வீதம் சுருங்குகிறது. இந்த அளவு தெரிந்தால், அச்சை எவ்வளவு பெரிதாகச் செய்யவேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம்.

இரண்டாவது சோதனை சுண்ணாம்புக்கல் உள்ள பகுதிகளுக்கு மிக முக்கியம். காய்ந்த மண்ணில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது. கட்டியாக இருக்கும் சுண்ணாம்புக்கல் சூளையில் வெந்து நீறாத சுண்ணாம்பாகும். பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். நன்றாக வெந்த செங்கல்லோ பானையோ சில நாட்களில் பொருக்குப் பொருக்காக உதிர்வது இதனால்தான். மண்ணை அரைத்து நுண்ணிய அரிதட்டில் அரித்தால் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம். பல ஆண்டுகளாக அதிர்ஷ்டமின்மை என்று எண்ணிய இழப்புக்குக் காரணமும் பரிகாரமும் இருப்பதைப் படிப்புக் காட்டிக் கொடுக்கிறது.

நீர்வடி பானை சொல்லும் பாடம்

2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மண்ணால் செய்த நீர்வடி பானைகள் வழங்கப்பட்டன. 1981இல் குவாத்தமாலாவில் உருவாக்கப்பட்ட வடிவம் இது. களிமண்ணோடு உமித்தூளையோ மரத்தூளையோ சேர்த்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுடுவார்கள். தூள் எரிந்துபோன இடங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எஞ்சும். நீர் அத்துளைகளூடாகக் கசியும்போது அழுக்கும் பெரும்பாலான கிருமிகளும் தடைபடும். கிருமிகளைக் கட்டுப்படுத்த வெள்ளி கலந்த கரைசலும் பூசப்படும்.

ஒரு நல்ல நீர்வடி பானையில் மணித்தியாலத்திற்கு ஒன்று முதல் மூன்று லீற்றர் வரை நீர் இறங்கும். இதைவிட வேகமாக இறங்கினால் துளை பெரிதாகிவிட்டது அல்லது எங்கோ வெடிப்பு இருக்கிறது என்று பொருள். பார்வைக்கு அழகாக இருந்தாலும் அந்தப் பானையை உடைத்துவிட வேண்டும். மறுபுறம், அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் பானை பாவிக்க வசதியில்லாமல் இருந்தால் அது வீட்டின் மூலையில் கிடக்கும். துளையின் அளவைச் சரிபார்ப்பது பொறியியல். வீட்டார் விரும்பிப் பாவிக்கும் வடிவத்தைக் கொடுப்பது கலை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் குழந்தை நல்ல நீர் குடிக்காது.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: இப்பானை நீரில் கரைந்துள்ள உப்பையோ புளோரைட்டையோ அகற்றாது. கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதற்கு வேறு வழி தேடவேண்டும்.

இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரி

பொறியியலையும் கலையையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் முறைக்குப் பெயர்பெற்ற உதாரணம், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் அல்பிரட் என்ற சிற்றூரில் உள்ள பீங்கான் கல்லூரி. அந்த ஊரில் நல்ல களிமண்ணும் கூரை ஓடு செய்யும் தொழிற்சாலையும் ஏற்கெனவே இருந்தன. 1900ஆம் ஆண்டு மாநில அரசு அங்கே களிமண் தொழிலுக்கென ஒரு பாடசாலையை நிறுவி, அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விட்டது. முதல் பணிப்பாளர் சார்ள்ஸ் பேர்கஸ் பின்ஸ், இங்கிலாந்தின் வூஸ்டர் பீங்கான் தொழிற்சாலையில் அனுபவம் பெற்றவர். வனைபவர் தன் மண்ணையும் தன் கண்ணாடிப் பூச்சையும் தானே கலந்து, தானே சுட்டுப் பழகவேண்டும் என்பது அவருடைய முறை. அவரிடம் படித்த கலைஞர்கள் இரசாயனத்தையும் கற்றார்கள்.

இன்று அக்கல்லூரியில் ஒருபுறம் பீங்கான், கண்ணாடி ஆகியவற்றின் பொறியியலும், மறுபுறம் மட்பாண்டக் கலை, சிற்பம், வடிவமைப்பு ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. அதன் பொறியியல் பிரிவு, கியோசெரா நிறுவனத்தை ஆரம்பித்த ஜப்பானியர் கசுவோ இனமோரியின் பெயரைத் தாங்குகிறது.

இந்தியாவிலும் இத்துறைக்கெனத் தனி நிறுவனங்கள் உண்டு. கொல்கத்தாவில் 1941இல் தொடங்கிய நிறுவனம் இன்று அரச பொறியியல், பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. தமிழகத்தில் விருத்தாசலத்தில் இதற்கென டிப்ளோமா நிறுவனமும், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பும் உள்ளன. தமிழக முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களில் யாராவது அங்கே இத்துறையைப் படித்திருந்தால் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். இங்கே அவற்றை மதிப்பிட வழி உண்டா என்று விசாரிக்கலாம்.

இலங்கையில் எந்த வழி?

*பொறியியல் வழி:* மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருள் விஞ்ஞான, பொறியியல் துறை உள்ளது. உலோகம், பல்பகுதியம், பீங்கான் ஆகியவற்றை அங்கே கற்கலாம். இதற்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுத்திருக்க வேண்டும்.

*கலை வழி:* யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும், மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலையும் தமிழ் மாணவர்களுக்கு அண்மையில் உள்ளன. இவை பீங்கானுக்கென்றே அமைந்த படிப்புகள் அல்ல. எனினும் வடிவம் பற்றிய அடிப்படையை இவற்றில் பெறலாம்.

*தொழில் வழி:* தேசிய தொழிற் தகைமை முறையில் ஏழு மட்டங்கள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். ஒரு மட்டத்தை முடித்தவர் அடுத்ததற்குப் போகலாம். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பயில விரும்புவோர், தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம்.

பாடசாலையை இடையில் விட்டவர்களுக்கு

இடப்பெயர்வில் பரீட்சை எழுதாமல் போனவர்களும், எழுதியும் சான்றிதழைத் தொலைத்தவர்களும் பலர். கையில் தொழில் இருந்தும் கடதாசி இல்லாததால் தங்களைத் தகுதியற்றவர்களாக எண்ணுகிறார்கள். ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற முறை இவர்களுக்காகவே உள்ளது. வகுப்பில் இருந்தீர்களா என்று அதில் பார்ப்பதில்லை. உங்களால் செய்ய முடிவதை நேரில் மதிப்பிட்டு, அதற்கேற்ற மட்டத்தில் சான்றிதழ் தருவார்கள். பரீட்சைச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றை உறுதிப்படுத்திப் பெறலாம்.

விண்ணப்பிக்கும் முன்

1. பிரதேச செயலகத்திலுள்ள திறன் விருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்து, மட்பாண்டம், செங்கல், ஓடு ஆகிய தொழில்களுக்கு எந்த மட்டம் வரை பயிற்சியும் மதிப்பீடும் உண்டு என்று கேளுங்கள்.

2. பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று பாருங்கள். பதிவில்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

3. கற்பிக்கும் மொழி, தங்குமிடம், பயணச் செலவு, உதவிப்பணம் ஆகியவற்றை முதலிலேயே எழுதி வாங்குங்கள். பெண் பிள்ளைகளை அனுப்புவோர் விடுதியை நேரில் பார்ப்பது நல்லது.

4. சிறுதொழில் தொடங்க எண்ணுவோர் கைத்தொழில் அபிவிருத்திச் சபையின் மாவட்ட அலுவலகத்தையும், கைவினைஞர்கள் தேசிய அருங்கலைகள் பேரவையையும் அணுகலாம்.

5. பாதுகாப்பைக் கேட்டறியுங்கள். உலர்ந்த களிமண், படிகக்கல் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தூசைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஈயம் கலந்த பூச்சை உணவுப் பாத்திரத்திற்குப் பூசக்கூடாது.

இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, எந்தக் குளத்து மண், எவ்வளவு மணல், எத்தனை நாள் காய்ந்தது, எத்தனை மணித்தியாலம் சுட்டது, எத்தனை உடைந்தது என்று ஒவ்வொரு சூளைக்கும் எழுதிவையுங்கள். தகப்பனார் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதலாம். மதிப்பீட்டுக்குப் போகும்போது அந்தக் கொப்பி உங்கள் பக்கம் பேசும். அதற்கு முன்பே, அடுத்த சூளையில் உடையும் பானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் அது உதவும்.