பேச்சு மொழிச் சிகிச்சை உதவியாளர்: பணியும் வரம்பும்

இரண்டு வயதாகியும் பேசாத குழந்தையைக் குறித்து, “அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்” எனக் கூறிக் காத்திருப்பது பல வீடுகளில் வழக்கம். மொழி விரைந்து வளரும் ஆண்டுகள் இவ்வாறு வீணாகக் கழிகின்றன.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திலிருந்து மாவட்டத் தலைநகரான கடலூர் சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. வாரந்தோறும் சிகிச்சைக்குச் சென்றுவரும் நாட்கூலித் தொழிலாளி, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் ஊதியத்தை இழக்க நேரிடும். இத்தகைய ஊர்களில் பயிற்சி இடையறாது தொடர உதவக்கூடியவரே பேச்சு மொழிச் சிகிச்சை உதவியாளர்.

தகுதி
இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த செவித்திறன், மொழி, பேச்சுப் பட்டயப் படிப்பு இப்பணிக்கு உரியது. இது 12ஆம் வகுப்புக்குப் பின் பயிலும் ஓராண்டுப் படிப்பாகும். சிகிச்சை வல்லுநருக்கோ நான்காண்டு இளநிலைப் பட்டம் தேவை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருவரும் குழுமத்தில் பதிவு செய்திருத்தல் வேண்டும்.

செய்பவை
• வல்லுநர் வகுத்த திட்டப்படி ஒலிப்பு, சொல், உரையாடல் பயிற்சிகளை அளித்தல்
• படங்கள், விளையாட்டுப் பொருள்களை ஆயத்தம் செய்தல்
• முன்னேற்றத்தைப் பதிவு செய்தல்
• வீட்டில் தொடர வேண்டிய பயிற்சியைப் பெற்றோருக்குச் செய்து காட்டுதல்

செய்யக்கூடாதவை
குறைபாட்டின் வகையைத் தாமே அறுதியிடுதல், திட்டத்தை மாற்றுதல், சிகிச்சையை முடித்துவைத்தல் ஆகியவை உதவியாளரின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டவை. பக்கவாதத்திற்குப் பின் விழுங்கும் திறன் குன்றியவருக்கு எவ்வகை உணவு தரலாம் என்பதையும் அவர் தாமாக முடிவு செய்யலாகாது. உணவு மூச்சுக்குழலுக்குள் சென்றால் நிமோனியா ஏற்படலாம்; உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

பெற்றோர் கவனத்திற்கு
12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கேளாமையே காரணமாயின், பேச்சுப் பயிற்சி மட்டும் போதாது. காதொலிக் கருவியோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, அங்கன்வாடிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவையோ அணுகலாம். தேவையெனில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்குப் பரிந்துரைப்பர்.

வாரத்தில் ஒரு மணி நேரப் பயிற்சி, வீட்டில் நாள்தோறும் தொடரும்போதே பயன் தரும். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் குழந்தையுடன் பேசுங்கள். அது விடையளிக்கச் சற்றே நேரம் கொடுங்கள்.