சும்மாதான் வந்தனான்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியடியில் கால் வைக்க இடமிராது. தகப்பனை இழந்தவர்கள் தீர்த்தமாடி, பிதிர்க்கடன் முடித்து, நகுலேஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்புவார்கள். இறந்தவர்களுக்கு இத்தனை செய்கிற சனம், வழியில் தனித்திருக்கும் ஒரு பெரியம்மாவின் படலையையும் தட்டிவிட்டுப் போனால் அதுவும் ஒரு வைத்தியந்தான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தனிமை உடம்பில் செய்யும் வேலை

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை. வருடத்துக்கு 8 இலட்சத்து 71 ஆயிரம் மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்பது அதன் கணிப்பு. மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, மனச்சோர்வு எல்லாவற்றின் ஆபத்தும் கூடுகிறது.

வீட்டுக்குள் இது சத்தமில்லாமல் நடக்கும். தனி ஒருவருக்காக உலை வைக்க மனம் வராது. பாணும் தேத்தண்ணியுமாகப் பொழுது போகும். கிளினிக் திகதி தவறும். குளிசை முடிந்ததை யாரும் கேட்பதில்லை. நீரிழிவுக்காரர் கெட்டுப்போக இவ்வளவும் போதும்.

வேலியில் இருந்த பொட்டு

முன்பு கதியால் வேலியில் ஒரு பொட்டு இருக்கும். கறிக்கிண்ணமும் புதினமும் பிள்ளைகளும் அதற்குள்ளால்தான் போய்வரும். காலையில் முற்றம் கூட்டாத வீட்டைப் பக்கத்து வீடு மத்தியானத்துக்கு முன்னமே கவனித்துவிடும்.

1990இல் போரினால் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. கீரிமலையும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. இருபது வருடம், அதற்கு மேலும் முகாமிலும் வாடகை வீட்டிலும் கிடந்து திரும்பியவர்களில் பலருக்குக் காணி கிடைத்தது, அயல் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டார் கனடாவில், அல்லது இல்லை. இப்போது சீமெந்து மதில், பூட்டிய கேற்.

பழைய வேலியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். எல்லைச் சண்டையில் கோடேறியவர்கள் நம்மவர்கள்தான். அந்தப் பொட்டுக்குள்ளால் எல்லாச் சாதியையும் வரவிட்டதுமில்லை.

ஒன்பது முறை விசாரித்தால்

வேலிப் பொட்டு போனாலும் விசாரிக்க வழியுண்டு. உயிரை மாய்க்க முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. கொழும்பும் சென்னையும் அதன் ஐந்து இடங்களில் இரண்டு. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு; பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை, தொலைபேசியிலோ நேரிலோ, ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்ற விசாரிப்பு. 2008இல் முடிவு வெளிவந்தது: முதல் பகுதியில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. விசாரித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், உண்மை. ஆனால் அவர்கள் கையில் புது மருந்து ஏதும் இருக்கவில்லை.

கொடுக்கத் தெரிந்த நமக்குக் கேட்கத் தெரியவில்லை

அமெரிக்கச் சமூகவியலாளர் மொரிஸ் ரோசன்பேர்க் 1981இல் ஒரு சகாவோடு எழுதியதில் ‘நான் பிறருக்கு வேண்டியவர்’ என்ற உணர்வைப் பகுத்துப் பார்த்தார். என்னைக் கவனிக்கிறார்கள்; என் நன்மை தீமை அவர்களுக்குப் பொருட்டு; என்னை நம்பியும் யாரோ இருக்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததே அந்த உணர்வு. முதல் இரண்டையும் நாம் ஓரளவு செய்கிறோம். மூன்றாவதில்தான் கோட்டை விடுகிறோம். வயதானவரை இருத்திவைத்துச் சாப்பாடு கொடுக்கிறோம். அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை.

ஆகவே கேளுங்கள். “ஆச்சி, மோர்மிளகாய் போட்டுத் தாங்கோவன்.” “ஐயா, இந்தத் தென்னம்பிள்ளை ஏன் பழுக்குது, வந்து பாருங்கோ.” ஒடியல் கூழ் காய்ச்சும் நாளில் புளி அளவைப் பார்க்க அவரைக் கூப்பிடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் ஞாயிறு அழைப்பு அநேகமாக விசாரணைதான்: சாப்பிட்டியளோ, குளிசை போட்டியளோ, காசு வந்ததோ. “அம்மா, உங்கட கறித்தூளுக்கு மல்லி எவ்வளவு?” என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கதை அரை மணித்தியாலம் நீளும்.

கைவேலைக்காரர் என்றால் இன்னும் சுலபம். அறுந்த செருப்பையோ காற்றுப்போன சைக்கிளையோ கொண்டுபோனால் போதும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு

சில விஷயங்கள் அயலட்டையின் கைக்கு மிஞ்சியவை. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் குழம்பியிருத்தல், வழமையாகச் செய்த பூசையையும் கைவிடுதல், “இனி இருந்தென்ன” என்ற பேச்சு, அருமையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுத்தல் ஆகியவை தெரிந்தால், “சாகவேண்டும்போல இருக்கிறதா?” என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மிச்சக் குளிசைகளையும் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. தேசிய உளநல உதவி இலக்கம் 1926. முதல் தடவை அவரைத் தனியே அனுப்ப வேண்டாம். கூடப் போய், கூப்பிடும்வரை பக்கத்தில் இருங்கள்.